மலையேற்றக் கடினநிலை: தென்காசி, குற்றாலம் மலைகளை முன்வைத்து

மலையேற்றக் கடினநிலை என்பது ஒரு மலைப்பாதையில் நடந்து சென்று பாதுகாப்பாகத் திரும்புவதற்கு எவ்வளவு உடல் வலிமை, பயிற்சி, அனுபவம், கருவிகள் தேவைப்படும் என்பதைச் சுருக்கமாகக் காட்டும் தரக் குறியீடு ஆகும். எளிது, நடுத்தரம், கடினம் என்ற மூன்று சொற்களே பெரும்பாலான பயண அறிவிப்புகளில் காணப்படுகின்றன. இவற்றைப் பார்த்தே பலரும் விடுமுறைப் பயணத்தை முடிவு செய்கின்றனர். ஆனால் இந்தச் சொற்கள் பாதையின் ஒரு பகுதியை மட்டுமே விவரிக்கின்றன. நல்ல வானிலையில், நல்ல உடல்நிலையில் உள்ள ஒருவர், பகல் வெளிச்சத்தில் நடந்தால் அந்தப் பாதை எப்படி இருக்கும் என்பதே அச்சிடப்பட்ட தரத்தின் பொருள். மழை, வெயில், காட்டுத்தீ, நடப்பவரின் வயது, உதவி வந்து சேர எடுக்கும் நேரம் ஆகியவை மாறும்போது அதே பாதையின் தரமும் மாறுகிறது.

இதனைப் புரிந்துகொள்ளத் தென்காசி மாவட்டம் பொருத்தமான இடமாகும். மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில், கடல் மட்டத்தில் இருந்து சுமார் 160 மீட்டர் உயரத்தில் குற்றாலம் அமைந்துள்ளது. படிக்கட்டு வழியாக ஏறும் கோயில் மலைகள், காட்டுக்குள் செல்லும் அருவிப் பாதைகள், பல நாள் நடக்க வேண்டிய உயர்ந்த சிகரம் ஆகிய மூன்று வகை மலைப் பயணங்களும் இம்மாவட்டத்திலோ அதன் அண்டையிலோ உள்ளன. மக்கள் அதிகமாக வரும் சாரல் காலமே இங்குப் பாதைகளின் தன்மை மிகவும் மாறும் காலமாகவும் இருக்கிறது.

மலைநடையும் மலையேறுதலும்

பேச்சுவழக்கில் மலையேற்றம் என்ற ஒரே சொல் இரு வேறு செயல்களைக் குறிக்கிறது. முதலாவது, டிரெக்கிங் எனப்படும் மலைநடை. இதில் கால்களால் நடந்தே முழுத் தொலைவையும் கடக்கலாம். சில இடங்களில் பாறையைக் கையால் பற்ற நேரிடலாம். ஆனால் கயிறும் பாறையில் அடிக்கும் ஆணிகளும் தேவைப்படுவதில்லை.

இரண்டாவது, மவுண்டனியரிங் எனப்படும் மலையேறுதல். இதில் பனியிலோ செங்குத்துப் பாறையிலோ கயிறு, இடுப்புக் கச்சை, பனிக்கோடரி, காலணியில் பூட்டும் முள்தகடு போன்றவற்றைக் கையாளத் தெரிந்திருக்க வேண்டும். டார்ஜிலிங்கில் 1954-இல் தொடங்கப்பட்ட இமயமலை மலையேற்ற நிறுவனமும், உத்தரகாசியில் 1965-இல் தொடங்கப்பட்ட நேரு மலையேற்ற நிறுவனமும் இதற்கான அடிப்படைப் பயிற்சிகளை வழங்குகின்றன.

இவ்விரண்டையும் குழப்பிக்கொள்வதால் தவறுகள் நேர்கின்றன. நேபாளத்தில் 6,000 மீட்டருக்கு மேற்பட்ட சில சிகரங்களுக்கு 'டிரெக்கிங் சிகரங்கள்' என்ற பெயர் வழங்குகிறது. ஐலண்ட் பீக், மேரா பீக் ஆகியவை அவற்றில் அடங்கும். பெயரில் டிரெக்கிங் என்று இருந்தாலும் அங்குப் பனியில் கயிறு கட்டி ஏற வேண்டும். எனவே ஒரு பயணத்தின் தரத்தைப் பார்க்கும் முன் அது எந்த வகையைச் சேர்ந்தது என்பதை அறிந்துகொள்வது முதல் படியாகும்.

கடினநிலையைத் தீர்மானிக்கும் கூறுகள்

ஒரு பாதையின் தரம் பல கூறுகளைச் சேர்த்துப் பார்த்தே வகுக்கப்படுகிறது.

தொலைவு: போகவும் வரவும் ஆகும் மொத்த கிலோமீட்டர். அறிவிப்புகளில் ஒரு வழித் தொலைவு மட்டும் தரப்படுவது உண்டு. ஆகவே அதைச் சரிபார்க்க வேண்டும்.

மொத்த ஏற்றம்: தொடங்கும் இடத்துக்கும் முடியும் இடத்துக்கும் இடையே உள்ள உயர வேறுபாடு மட்டும் இதில் அடங்காது. இடையில் இறங்கி மீண்டும் ஏறும் ஒவ்வொரு மேட்டையும் சேர்த்தே மொத்த ஏற்றம் கணக்கிடப்படுகிறது.

தரையின் தன்மை: படிக்கட்டு, மண்பாதை, உருளும் கற்கள், வேர்கள் பின்னிய ஒற்றையடிப் பாதை, ஓடையைக் கடக்கும் இடம், பாசி படிந்த பாறை ஆகிய ஒவ்வொன்றும் வேறு வேறு கவனத்தைக் கோருகின்றன.

விளிம்பு ஆபத்து: கால் தவறினால் என்ன ஆகும் என்பதே இக்கூறு. சமதரையில் இடறினால் முழங்காலில் சிராய்ப்பு ஏற்படும். பாறை விளிம்பில் அதே இடறல் உயிரைப் பறிக்கும். நடப்பதற்கு இரண்டும் ஒரே அளவு எளிதாக இருக்கலாம்.

கடல்மட்ட உயரம்: சுமார் 2,500 மீட்டருக்கு மேல் சென்றால் சிலருக்குத் தலைவலி, குமட்டல், தூக்கமின்மை போன்ற உயரநோய் அறிகுறிகள் தோன்றலாம். தமிழ்நாட்டின் மிக உயர்ந்த சிகரமான தொட்டபெட்டாவே 2,637 மீட்டர் என்பதால் இங்குள்ள மலைகளில் இந்நோய் பெரிய சிக்கல் ஆவதில்லை. இமயமலைப் பயணங்களில் இதுவே முதன்மையான கூறு ஆகிறது.

தொலைதூரத் தனிமை: அருகிலுள்ள சாலை, மருத்துவமனை, கைப்பேசி அலைவரிசை ஆகியவை எவ்வளவு தொலைவில் உள்ளன என்பது. சுளுக்கிய காலுடன் ஒருவரைத் தூக்கி வர எத்தனை மணி நேரம் ஆகும் என்ற கேள்விக்கான விடையே இதன் அளவு.

நேரக் கணக்கு

ஸ்காட்லாந்து மலையேற்ற வீரர் வில்லியம் நெய்ஸ்மித் 1892-இல் வகுத்த விதி இன்றும் உலகெங்கும் பயன்படுகிறது. சமதரையில் 5 கி.மீ. தொலைவுக்கு 1 மணி நேரம், அத்துடன் ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் கூடுதலாக 1 மணி நேரம் என்பது அவ்விதியின் சுருக்கம்.

எடுத்துக்காட்டாக, ஒரு வழித் தொலைவு 4 கி.மீ., ஏற்றம் 600 மீட்டர் உள்ள ஒரு பாதையைக் கொள்ளலாம். 4 கி.மீ. நடக்க 48 நிமிடம், ஏற்றத்துக்கு 60 நிமிடம் என மேலே சென்று சேர 1 மணி 48 நிமிடம் ஆகும். அதே 4 கி.மீ. தொலைவில் 100 மீட்டர் மட்டுமே ஏற்றம் இருந்தால் 58 நிமிடம் போதும். ஓய்வு, உணவு, வெயில், குழுவில் மெதுவாக நடப்பவரின் வேகம் ஆகியவை இதில் சேர்க்கப்படவில்லை. எனவே பழக்கமில்லாதவர்கள் கிடைக்கும் விடையுடன் அதில் பாதியையாவது கூட்டிக்கொள்வது நல்லது.

அமெரிக்காவின் செனண்டோவா தேசியப் பூங்கா வேறொரு கணக்கைப் பின்பற்றுகிறது. அடியில் சொல்லப்பட்ட ஏற்றத்தை 2-ஆல் பெருக்கி, அதை மைலில் சொல்லப்பட்ட மொத்தத் தொலைவால் பெருக்கி, வரும் எண்ணுக்கு வர்க்கமூலம் காண வேண்டும். விடை 50-க்குள் இருந்தால் மிக எளிது, 50 முதல் 100 வரை நடுத்தரம், 100 முதல் 150 வரை ஓரளவு கடினம், 150 முதல் 200 வரை கடினம், அதற்கு மேல் மிகக் கடினம். மேற்கண்ட முதல் பாதையில் போகவர சுமார் 5 மைல், ஏற்றம் சுமார் 1,970 அடி என்பதால் விடை 140 ஆகிறது. இரண்டாவது பாதைக்கு 57 மட்டுமே வருகிறது. தொலைவு மாறாத நிலையில் ஏற்றம் மட்டுமே ஒரு பாதையை நடுத்தரத்தில் இருந்து அடுத்த நிலைக்கு உயர்த்துவதை இக்கணக்கு தெளிவாகக் காட்டுகிறது.

மீட்டர் கணக்கை உடலால் உணர்வது கடினம். கோயில் படிகளைக் கொண்டு அதைப் புரிந்துகொள்ளலாம். ஒரு படியின் உயரம் 15 செ.மீ. எனக் கொண்டால் 100 மீட்டர் ஏற்றம் என்பது ஏறத்தாழ 667 படிகள். தென்காசி அருகே பண்பொழியில் உள்ள திருமலைக் குமாரசாமி கோயிலுக்கு அறுநூறுக்கும் மேற்பட்ட படிகள் உள்ளன. ஆக, 600 மீட்டர் ஏற்றம் உள்ள பாதை என்பது திருமலைக் கோயில் படிகளை ஆறு முறைக்கு மேல் தொடர்ந்து ஏறுவதற்குச் சமம்.

உலகில் வழங்கும் தர அளவைகள்

எல்லா நாடுகளுக்கும் பொதுவான ஒரே அளவை இல்லை. ஒவ்வொரு அளவையும் வேறு வேறு கேள்விக்கு விடை சொல்கிறது.

சுவிட்சர்லாந்து ஆல்பைன் சங்கத்தின் மலைநடை அளவை டி1 முதல் டி6 வரை ஆறு நிலைகளைக் கொண்டது. டி1 நன்கு அமைக்கப்பட்ட பாதை. டி3 நிலையில் சில இடங்களில் கையால் பற்றிச் சமநிலை காக்க வேண்டியிருக்கும். டி4 முதல் ஆல்பைன் அனுபவம் தேவை. பாதைக் குறிகளின் நிறமும் இதற்கேற்ப மாறும். டி1-க்கு மஞ்சள், டி2, டி3-க்கு வெள்ளை-சிவப்பு-வெள்ளை, அதற்கு மேல் வெள்ளை-நீலம்-வெள்ளை.

அமெரிக்காவின் யோசெமிட்டி அளவை ஐந்து வகுப்புகளைக் கொண்டது. முதல் வகுப்பு சாதாரண நடை. இரண்டாம் வகுப்பில் எப்போதாவது கை தேவைப்படும். மூன்றாம் வகுப்பில் பாறையில் கை கால் ஊன்றித் தொற்றி ஏற வேண்டும். நான்காம் வகுப்பில் விழுந்தால் உயிராபத்து உண்டு என்பதால் பலரும் கயிறு பயன்படுத்துவர். ஐந்தாம் வகுப்பு முழுமையான பாறையேற்றம். இந்த அளவை பாதையின் மிகக் கடினமான இடத்தை மட்டுமே காட்டுகிறது. 2 கி.மீ. பாதையும் 25 கி.மீ. பாதையும் இதில் ஒரே வகுப்பில் வரக்கூடும்.

பிரான்சில் வழங்கும் ஆல்பைன் அளவை 'எளிது' என்ற சொல்லில் இருந்தே தொடங்குகிறது. ஆனால் அந்த எளிது மலையேறுபவர்களுக்கான எளிது. பனியாற்றின் மீது கயிறு கட்டி நடப்பதும் அதில் அடங்கும். எளிது என்ற சொல் யாருக்காக, எந்த அளவையில் சொல்லப்பட்டது என்று பார்க்காமல் அதை நம்ப முடியாது என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

இமயமலைப் பயணங்களை நடத்தும் நிறுவனங்கள் பெரும்பாலும் தங்களுக்கென ஒரு தரப் பட்டியலை வைத்துக்கொள்கின்றன. ஒரு நிறுவனம் நடுத்தரம் என்று குறிப்பதை மற்றொன்று கடினம் என்று குறிக்கலாம். எவரெஸ்ட் அடிவார முகாம் 5,364 மீட்டர் உயரத்தில் உள்ளது. அங்குச் செல்லக் கயிறு தேவையில்லை. ஆயினும் உயரம் காரணமாக அது எளிதான பயணம் ஆவதில்லை. 3,000 மீட்டருக்கு மேல், இரவு தங்கும் இடத்தின் உயரத்தை நாளொன்றுக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டாமல் இருப்பதும், மூன்று நான்கு நாட்களுக்கு ஒருமுறை ஓய்வு நாள் வைப்பதும் பொதுவான மருத்துவ அறிவுரை ஆகும். சமவெளியில் இருந்து செல்வோர் பயணத் திட்டத்தில் இந்த ஓய்வு நாட்கள் உள்ளனவா என்று பார்க்க வேண்டும்.

தமிழ்நாட்டில் மூன்று நிலைத் தரம்

தமிழ்நாட்டில் மலைநடை குறித்த பார்வையை மாற்றிய நிகழ்வு குரங்கணி காட்டுத்தீ ஆகும். 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணி மலையில் நடந்து சென்ற குழுவினர் காட்டுத்தீயில் சிக்கினர். இதில் 20-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். குரங்கணி - கொழுக்குமலைப் பாதை பலரும் நடந்து பழகிய பாதை. கயிறோ தொழில்நுட்பப் பயிற்சியோ கோராத பாதை. கோடையில் காய்ந்த புல்லும் காற்றும் சேர்ந்தபோது அதன் தரம் வேறாகிவிட்டது. தொலைவையும் ஏற்றத்தையும் மட்டும் கொண்டு கணக்கிடும் எந்த அளவையும் இதைக் காட்டியிருக்காது.

இதன் பின்னர் காட்டுப் பகுதிகளில் மலைநடையை ஒழுங்குபடுத்தும் விதிகளைத் தமிழ்நாடு அரசு 2018-இல் வெளியிட்டது. வனத்துறையின் அனுமதி இன்றிக் காட்டுக்குள் மலைநடை மேற்கொள்வது தடை செய்யப்பட்டது.

2024 அக்டோபரில் 'டிரெக் தமிழ்நாடு' திட்டம் தொடங்கப்பட்டது. வனத்துறையும் தமிழ்நாடு வன அனுபவக் கழகமும் இணைந்து நடத்தும் இத்திட்டத்தில் 14 மாவட்டங்களைச் சேர்ந்த 40 பாதைகள் அறிவிக்கப்பட்டன. பாதைகள் எளிது, நடுத்தரம், கடினம் என மூன்றாகப் பிரிக்கப்பட்டன. இணையம் வழியாக முன்பதிவு செய்து, பயிற்சி பெற்ற உள்ளூர் வழிகாட்டிகளுடன் செல்ல வேண்டும். குற்றாலம் - செண்பகாதேவி அருவிப் பாதையும் இப்பட்டியலில் இடம் பெற்றது. காட்டுத்தீ அபாயம் உள்ள கோடை வாரங்களில் பாதைகள் மூடப்படுவது உண்டு. பாதையின் தரத்தில் பருவமும் ஒரு கூறு என்பதை நடைமுறையில் ஏற்றுக்கொண்ட ஏற்பாடு இது.

தென்காசி வட்டாரப் பாதைகள்

படிக்கட்டு மலைகள்: பண்பொழி திருமலைக் கோயில், கடையம் அருகே உள்ள தோரணமலை முருகன் கோயில் ஆகியவை இவ்வகையைச் சேர்ந்தவை. பாதை தெளிவானது, வழி தவற வாய்ப்பில்லை. திருமலைக்கு வாகனங்கள் செல்லும் சாலையும் உண்டு. எந்த அளவையில் பார்த்தாலும் இவை தொடக்க நிலைப் பாதைகளே. ஆயினும் படி ஏறுவது இதயத்துக்கும் மூச்சுக்கும் தொடர்ச்சியான வேலை. வெயில் ஏறிய பின் பாறையின் வெப்பமும் சேர்ந்துகொள்கிறது. காலை வேளையில் ஏறி, வெயில் சுடும் முன் இறங்குவது உள்ளூர் மக்களின் வழக்கம்.

செண்பகாதேவி அருவி: குற்றாலம் பேரருவிக்கு மேலே, சிற்றாற்றின் போக்கில் சுமார் 2 கி.மீ. மலையேறினால் இவ்வருவியை அடையலாம். அருகே செண்பகாதேவி அம்மன் கோயில் உள்ளது. சித்ரா பௌர்ணமி விழாவுக்குப் பக்தர்கள் இவ்வழியே செல்வது வழக்கம். தொலைவை மட்டும் பார்த்தால் இது குறுகிய நடை. ஆனால் இது படிக்கட்டுப் பாதை அல்ல, காட்டுப் பாதை. கற்களும் வேர்களும் நிறைந்தது. மழைக்காலத்தில் அட்டைகள் மிகுதி. அருவியின் அடியில் உள்ள தடாகம் ஆழமானது, பாறைகள் வழுக்குபவை. வனத்துறை அனுமதிக்கும் நாட்களில், அனுமதிக்கும் முறையில் மட்டுமே இங்குச் செல்ல வேண்டும்.

தேனருவி: செண்பகாதேவி அருவிக்கும் மேலே உள்ளது. அருகே பாறைகளில் தேனடைகள் தொங்குவதால் இப்பெயர் பெற்றது. பாதை செங்குத்தானது, பாறைகள் நிறைந்தது. மலைத்தேனீக்களின் ஆபத்தும் உண்டு. பொதுமக்கள் அங்குச் செல்ல அனுமதி இல்லை. பேரருவி, செண்பகாதேவி, தேனருவி ஆகிய மூன்றும் ஒரே ஆற்றின் போக்கில் சில கிலோமீட்டர் இடைவெளிக்குள் அமைந்தவை. ஆனால் முதலாவது சாலையோரத்தில் இருந்து பார்க்கக் கூடியது, இரண்டாவது வழிகாட்டியுடன் செல்லும் காட்டு நடை, மூன்றாவது விலக்கப்பட்ட இடம். 'இன்னும் கொஞ்ச தூரம்தான்' என்ற எண்ணம் மலையில் எவ்வளவு தவறானது என்பதற்கு இம்மூன்று அருவிகளே சான்று.

அகத்தியமலை: தமிழ்நாடு - கேரள எல்லையில் உள்ள 1,868 மீட்டர் உயரச் சிகரம். பொதிகை மலை என்றும் அகத்தியர்கூடம் என்றும் அழைக்கப்படுகிறது. கேரளப் பகுதியில் உள்ள போனக்காடு என்னும் இடத்தில் இருந்து, கேரள வனத்துறையின் அனுமதியுடன், பொதுவாக ஜனவரி முதல் மார்ச் வரையான காலத்தில் பயணம் நடைபெறுகிறது. அதிருமலை முகாமில் தங்கி, மறுநாள் உச்சி ஏறித் திரும்பும் மூன்று நாள் நடை இது. உச்சிக்கு அருகே பாறைச் சரிவுகளில் கயிற்றைப் பிடித்து ஏற வேண்டிய இடங்கள் உள்ளன. இவ்வட்டாரத்தில் கடினம் என்ற சொல்லுக்கு முழுமையாகப் பொருந்தும் பயணம் இதுவே. திருமலைப் படிகளை எளிதாக ஏறிய ஒருவர் அடுத்த வாரமே அகத்தியமலைக்குத் தகுதி பெற்றுவிடுவதில்லை.

பருவம் தரத்தை மாற்றும் விதம்

தென்மேற்குப் பருவமழை கேரளத்தில் பெய்யும்போது செங்கோட்டை, ஆரியங்காவு மலைக் கணவாய் வழியாக ஈரக் காற்று தென்காசிப் பக்கம் வீசுகிறது. ஜூன் முதல் ஆகஸ்டு வரை குற்றாலத்தில் சாரல் பொழிவதும் அருவிகளில் நீர் விழுவதும் இதனால்தான். அடிவாரத்தில் இளவெயிலும் தூறலுமாக இருக்கும் நேரத்தில் மேலே மலைக்காட்டில் கனமழை பெய்துகொண்டிருக்கலாம். அந்த நீர் சிறிது நேரத்தில் கீழே வந்து சேர்கிறது. கீழே நிற்பவருக்கு மேலே பெய்த மழை தெரிவதில்லை.

2024 மே 17 அன்று பழைய குற்றால அருவியில் திடீரென வெள்ளம் பெருக்கெடுத்தது. குளித்துக்கொண்டிருந்தவர்கள் அலறியடித்து ஓடினர். 17 வயது சிறுவன் ஒருவன் வெள்ளத்தில் அடித்துச் செல்லப்பட்டு உயிரிழந்தான். அந்த இடம் மலையேற்றப் பாதையே அல்ல. குடும்பத்துடன் குழந்தைகளும் முதியோரும் வந்து குளிக்கும் இடம். எந்தத் தர அளவையிலும் அதற்கு எண் கிடையாது. ஆயினும் ஆபத்து அங்கே இருந்தது. சாரல் காலம் தொடங்கும் முன்னரே, கோடை மழையிலேயே அது நிகழ்ந்தது.

2015 மே மாதத்தில் விருதுநகர் மாவட்டத்துச் சதுரகிரி மலையிலும் காட்டாற்று வெள்ளத்தில் பக்தர்கள் உயிரிழந்தனர். வறண்டு கிடக்கும் ஓடையைக் கடப்பது காலையில் ஒரு நிமிட வேலை. மழைக்குப் பின் அதே ஓடையைக் கடப்பது எந்த மலைநடையாளரின் திறமைக்கும் அப்பாற்பட்டது.

ஓடை, அருவிப் பாதைகளில் வெள்ளம் வரும் முன் சில அறிகுறிகள் தோன்றலாம். தெளிந்த நீர் கலங்கலாக மாறும். இலை, சருகு, குச்சிகள் மிதந்து வரும். நீரின் இரைச்சல் கூடும். இவற்றைக் கண்டவுடன் பொருட்களை எடுக்க நிற்காமல் நீரோட்டத்தை விட்டு விலகி, பக்கவாட்டில் உயரமான இடத்துக்கு ஏற வேண்டும். நீரின் போக்கிலேயே கீழ்நோக்கி ஓடக் கூடாது. பெருகிய ஓடையைக் கடக்க முயலாமல் நீர் வடியும் வரை காத்திருப்பதே சரியான செயல்.

மழை இல்லாத மாதங்களில் வேறு சிக்கல்கள் வருகின்றன. பிப்ரவரி முதல் மே வரை வெயிலும் காட்டுத்தீயும் முதன்மையான ஆபத்துகள். ஓடைகள் வற்றுவதால் குடிநீர் முழுவதையும் சுமந்து செல்ல வேண்டும். இதனால் சுமை கூடுகிறது, நடை மெதுவாகிறது. நீர் தேடி யானைகள் இடம்பெயரும் காலமும் இதுவே. மேக்கரை, வடகரை போன்ற மலையடிவார ஊர்களில் யானைகள் தோட்டங்களுக்குள் இறங்குவது உண்டு. அதிகாலை இருட்டிலும் மாலை மங்கிய பின்னும் காட்டுப் பாதையில் இருப்பதைத் தவிர்க்க வேண்டும்.

உடல்நிலையும் தரமும்

அச்சிடப்பட்ட தரம் நடப்பவரை அறியாது. முப்பது வயதில் நாள்தோறும் வயலில் வேலை செய்பவருக்கும், ஐம்பது வயதில் அலுவலக நாற்காலியில் அமர்ந்திருப்பவருக்கும் ஒரே பாதை ஒரே தரமாக இருக்க முடியாது. கோவை மாவட்டத்தின் வெள்ளியங்கிரி மலை ஏழு மலைகளை ஏறிக் கடக்கும் கடினமான பாதை. ஆண்டுதோறும் அங்குச் செல்லும் பக்தர்களில் சிலர் மாரடைப்பாலும் மூச்சுத்திணறலாலும் இறப்பது செய்தியாகிறது. விழுந்தோ வழி தவறியோ இறந்தவர்கள் அல்லர் இவர்கள். பாதைக்கும் உடலுக்கும் பொருத்தமின்மையே காரணம்.

தன் உடல்நிலையை அறிய எளிய சோதனை ஒன்று உண்டு. திருமலை அல்லது தோரணமலைப் படிகளை நிதானமான வேகத்தில் ஏறும்போது உடன் வருபவருடன் முழு வாக்கியமாகப் பேச முடிந்தால் அந்த வேகம் உடலுக்கு ஏற்றது. இரண்டு சொல்லுக்கு ஒருமுறை மூச்சு வாங்கினால் வேகம் அதிகம். மெதுவாக ஏறியும் பேச முடியாவிட்டால் நடுத்தரப் பாதைக்கு முன் சில வாரப் பயிற்சி தேவை. நெஞ்சில் இறுக்கம், தலைசுற்றல், குளிர்ந்த வியர்வை ஆகியவை பயிற்சிக் குறைவின் அடையாளங்கள் அல்ல. உடனே நிறுத்தி மருத்துவ உதவி பெற வேண்டிய அறிகுறிகள். இதய நோய், உயர் இரத்த அழுத்தம், ஆஸ்துமா, நீரிழிவு உள்ளவர்கள் மருத்துவரிடம் கேட்ட பின்னரே நடுத்தரப் பாதைகளுக்குச் செல்ல வேண்டும்.

இறக்கத்தைப் பலரும் கணக்கில் எடுப்பதில்லை. ஏறும்போது மூச்சு வாங்குகிறது, இறங்கும்போது முழங்கால் வாங்குகிறது. இறங்குகையில் தொடைத் தசைகள் உடல் எடையைத் தாங்கியபடியே நீள்வதால் மறுநாளும் அதற்கடுத்த நாளும் வலி கூடுகிறது. களைத்த காலும், வீடு திரும்பும் அவசரமும், மங்கும் வெளிச்சமும் சேரும் நேரம் என்பதால் இறக்கத்தில் கால் தவறும் வாய்ப்பு மிகுதி. உச்சியை அடையும்போது பாதி வலிமை மீதம் இருக்க வேண்டும் என்பது மலைநடையின் பொது விதி.

தரத்தைப் படிக்கும் முறை

ஒரு பயண அறிவிப்பில் எளிது, நடுத்தரம், கடினம் என்ற சொல்லைக் காணும்போது அதனுடன் சேர்த்துக் கேட்க வேண்டிய கேள்விகள் பின்வருமாறு.

1. சொல்லப்பட்ட தொலைவு ஒரு வழியா, போகவரவா? மொத்த ஏற்றம் எத்தனை மீட்டர்?
2. இந்தத் தரம் எந்த மாதத்துக்கு உரியது? செல்லும் மாதத்தில் மழை, வெயில், தீ ஆகியவற்றின் நிலை என்ன?
3. பாதையில் ஓடையைக் கடக்கும் இடங்கள் உண்டா? நீர் பெருகினால் மாற்று வழி உண்டா?
4. கால் தவறினால் விழக்கூடிய விளிம்புகள் உண்டா?
5. வனத்துறை அனுமதி பெறப்பட்டுள்ளதா? உள்ளூர் வழிகாட்டி உடன் வருகிறாரா?
6. ஒருவர் நடக்க முடியாமல் போனால் சாலைக்குக் கொண்டுவர எவ்வளவு நேரம் ஆகும்? கைப்பேசி எந்த இடம் வரை இயங்கும்?
7. குழுவில் மிக மெதுவாக நடப்பவருக்கு இப்பாதை ஏற்றதா?

ஏழாவது கேள்வி பெரும்பாலும் விடுபட்டுப் போகிறது. ஒரு குழுவின் வேகம் அதில் மெதுவாக நடப்பவரின் வேகமே. வலிமையானவரைக் கொண்டு பாதையைத் தேர்ந்தெடுத்தால் பாதி வழியில் குழு பிரிகிறது. காட்டில் பிரிந்த குழுவுக்கு எளிதான பாதை என்று எதுவும் இல்லை.

திட்டமிட்ட நேரத்துக்குள் இலக்கை அடையாவிட்டால் எந்த இடத்தில் இருந்தாலும் திரும்பிவிடுவது என்று ஒரு நேரத்தைப் புறப்படும் முன்பே குறித்துக்கொள்வதும் இன்றியமையாதது. பேரருவியில் நீர்வரத்து கூடும்போது குளிக்கத் தடை விதிக்கப்படுவதைக் குற்றாலத்துக்கு அடிக்கடி வருவோர் அறிவர். நூறு கி.மீ. பயணம் செய்து வந்தவர்களும் தடுப்புக்கு இப்பால் நின்று பார்த்துவிட்டுத் திரும்புகின்றனர். நீர் குறைந்ததும் தடை நீங்குகிறது. மலைப்பாதைகளில் எல்லா இடத்திலும் தடுப்பு வைக்க ஆள் இருப்பதில்லை. அங்கு அந்தத் தடையைத் தனக்குத்தானே விதித்துக்கொள்வது நடப்பவரின் பொறுப்பாகிறது.